வாங்காமல் விட்ட பங்கு

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன் எப்போதும் புதன்கிழமைதான் வரும். எங்கள் விடுதி மெஸ்ஸில் கோழிக்குழம்பும் எப்போதும் புதன்கிழமைதான் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் சமரசம் செய்துவைப்பது கத்தோலிக்க மாணவர் குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்கிற முறையில் என் தலையில் விழுந்திருக்கிறது. காலையிலேயே மெஸ் அண்ணனைப் பிடித்து, "எங்க ஆளுங்களுக்கு இன்னைக்கு ஒருசந்திண்ணே, மத்தியானம் ரசம் போதும்" என்றேன். "ரசத்துக்கு எதுக்கும்மா சிபாரிசு? அதுதான் தினமும் சீந்த ஆளில்லாம கெடக்கே" என்றார்.

மாலையில் பூசை. பல்கலைக்கழகத்துக்குள் எந்த மதக் கூட்டமும் நடத்தக்கூடாது. அதனால் பின்வாசலுக்கு எதிரே மறைமாவட்டம் வாடகைக்கு எடுத்துத் தந்திருக்கும் வீட்டின் முன்னறைதான் எங்கள் கோயில். இன்று வாசல்வரை கூட்டம். சாம்பல் பூசுகிற நாளில் மட்டும் எங்கிருந்துதான் வருகிறார்களோ. பையன்களில் பாதிப் பேர் ஈஸ்டர் வரை தாடி எடுப்பதில்லை என்று ஒறுத்தல் எடுத்திருக்கிறார்கள். சோம்பேறித்தனத்துக்குப் புண்ணியமும் சேர்ந்து கிடைக்கிறது, விடுவார்களா?

நற்கருணை அப்பம் வழங்கும்போது மூன்று பாட்டு வாசித்தேன். கீபோர்டில் இருப்பவள் எழுந்து போனால் பாட்டு நின்றுவிடும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் எழவில்லை.

தபேலா வாசிப்பது இசக்கிராஜா. என்னோடு எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறான், சாமி கும்பிடுகிற இந்துக் குடும்பம், போன வருஷம் நான்தான் அவனைப் பாட்டுக் குழுவுக்கு இழுத்து வந்தேன். எங்கள் பையன்களைவிட நேரத்துக்கு வருகிறான். என் நெற்றியைப் பார்த்து, "எங்களது வெள்ள, ஒங்களது கருப்பு, ரெண்டும் சாம்பல்தான?" என்றான். பேச்சில் கலகலப்பு இல்லை. அவன் அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் முள் குத்தி, புண் ஆறாமல், இப்போது விரலை எடுக்க வேண்டும் என்கிறார்களாம்.

எங்கள் குழுவைக் கவனிக்கும் எஸ்தாக்கி ஃபாதர் நாளை குருக்களின் ஆண்டுத் தியானத்துக்குப் போகிறார். அடுத்த வாரம் சனிக்கிழமைதான் திரும்புவார். "செல்போன வாங்கி வச்சிருவாங்க. ரொம்ப அவசரம்னா தியான இல்லத்து ஆபீஸுக்கு அடி. நீ இருக்கியே, எனக்கென்ன கவலை?" என்றார். இதைச் சொல்லித்தான் எல்லாரும் என்னிடம் வேலை வாங்குகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

சிலுவைப்பாதைப் படங்களில் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. கீபோர்டு அடாப்டர் கொதிக்கிறது.

அப்பா போன் செய்தார். இருபத்தொன்றாம் தேதி அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. "அன்னைக்கு நீ பெட்டி வாசிக்க வேண்டாம். வேற ஆளு ஏற்பாடு பண்ணிட்டேன். குடும்பத்தோட முன்னால இருந்து பூசை பாரு" என்றார். சரி என்று சொன்னேன். முன் வரிசையில் இருப்பவர்கள்தான் முதலில் எழுந்து நற்கருணை வாங்கப் போக வேண்டும். அன்றைக்கு லேபில் ஏதாவது வேலை வரக்கூடும்.

மார்ச் 7, முதல் வெள்ளி

ஃபாதருக்குப் பதில் வெளியிலிருந்து ஒரு குருவானவர் வந்தார். வயதானவர். மறையுரை கொஞ்சம் நீளம், வேறு குறையில்லை. மதியம் கஞ்சி ஏற்பாடு நன்றாக இருந்தது, ஊறுகாய் போதவில்லை.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. நற்கருணை நேரத்தில் இரண்டாம் பாட்டுக்குத் தபேலா கிடையாது. வழக்கமாக இசக்கி கைகட்டி உட்கார்ந்திருப்பான். இன்று எழுந்தான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். வரிசையில் போய் நின்றான். நான் கண்ணால் அதட்டினேன், அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தக் குருவானவருக்கு இவன் யார் என்று எப்படித் தெரியும்? இரண்டு கையையும் ஏந்தினான், அவர் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லி அப்பத்தை வைத்தார். அதற்குள் நான் தப்பான கட்டையில் விரலை வைத்து, பாடிய பிள்ளைகள் தடுமாறி, அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது அவன் அங்கே இல்லை. பூசை முடிந்து தேடினேன். ஊருக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார்கள்.

திருமுழுக்கு வாங்காதவர்களுக்கு நற்கருணை இல்லை என்று நான்தான் அவனுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தாளம் சொல்லிக் கொடுத்தேன், இதைச் சொல்லவில்லை. சாப்பிட்டிருப்பான். போகட்டும்.

மார்ச் 8, சனி

சாப்பிடவில்லை.

காலையில் போனில் கேட்டேன். "நான் எதுக்குத் திங்கேன்? அம்மாக்குல்லா வாங்கிட்டு வந்தேன்" என்றான், பெரிய காரியம் முடித்தவன் குரலில். சட்டைப்பையில் வெற்றிலைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போயிருக்கிறான். வெற்றிலையை முதலிலேயே வாங்கி வைத்திருந்தானாம்.

"ஏல இசக்கி, அதை அப்படியெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாதுல."

"ஏன்? எங்க கோயில்ல பிரசாதத்த நோயாளிக்கு வீட்டுக்குத்தான கொண்டு போவோம்."

"இது பிரசாதம் இல்ல."

"சரி, பின்ன என்ன?"

புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, தயாராகும் குழந்தைகளுக்கு விடுமுறையில் நான் மறைக்கல்வி எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதிலை ராகம் போட்டுச் சொல்ல வைத்திருக்கிறேன். அது அப்பம் அல்ல, பூசையில் அர்ச்சிக்கப்பட்டபின் அது ஆண்டவரே. இவனிடம் "அம்மா சாப்ட்டாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

இல்லையாம். வியாழன் வீட்டில் கருவாடு சமைத்திருந்தார்களாம். அதனால் வீட்டைக் கழுவி, விரதம் இருந்து, அடுத்த வெள்ளிக்கிழமை ஆப்பரேஷனுக்குப் புறப்படும்போது வாயில் போட்டுக்கொள்வது என்று முடிவாம். அதுவரை சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது.

திருப்பிக் கொண்டுவா என்றேன். "நான் கேட்டா செருப்பால அடிப்பா" என்றான். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோவப்படாத டெல்பினு. நீ எப்பமும் வாங்குறதில்லல்லா? எங்க கோயில் கொடையில வரி குடுத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பங்கு உண்டு. வாங்க வரலன்னா பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிக்கிடலாம். ஒன் பங்கு சும்மாதான கெடக்கு, யாருக்கும் கொறையாதுன்னுதான் போனேன்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். கோபமாக வந்தது. அவன் மேலா என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கோதுமை மாவும் தண்ணீரும். புளிக்க வைக்காதது. ஈரம் குறைவு என்பதால் கெடுவதற்கு நாளாகும். இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க முடியுமா என்று காலையிலிருந்து முயன்றேன். துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். சிலுவைப்பாதைப் படத்தைச் செலோடேப் போட்டு ஒட்டினேன். மதியம் தியான இல்லத்து ஆபீஸுக்கு அடித்தேன்.

ஃபாதரைக் கூப்பிட்டு வர வெகுநேரம் ஆயிற்று. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். முதலில், "அந்தப் பயல ஏசிராத. அவன் மரியாதையாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். "நான் வெளிய வர முடியாதும்மா. நீ பக்குவமாப் பேசி வாங்கிட்டு வந்துரு. அந்தம்மா மனசு நோகக் கூடாது. நம்ம கோயில்ல நற்கருணைப் பேழைக்கு முன்னால வை. அழுக்குப் பட்டுருந்தா ஒரு கிண்ணத்துல நல்ல தண்ணி விட்டு அதுல போட்டுரு. கரைஞ்சதும் மிதிபடாத எடத்துல, செடி மூட்டுல ஊத்திரலாம். நல்லா இருந்தா நீயே உட்கொண்டுரு."

செல்போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதா டெல்பின்?"

"கேக்குது ஃபாதர்."

"தண்ணி, இல்லன்னா நீ. ரெண்டுல ஒண்ணு" என்றார். பின்னால் மணி அடித்தது, வைத்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து மாலைவரை லேப். நாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. மற்ற தட்டுகளோடு ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்ரி தட்டையும் ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கித் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

மார்ச் 11, செவ்வாய்

இசக்கியின் ஊருக்கு, பாவூர்சத்திரம் பஸ்ஸில் உட்கார்ந்து பொய்யைத் தயாரித்துக்கொண்டே போனேன். "இத்தனை நாள் வெளியே இருந்ததுல பூஞ்சை பிடிச்சிருக்கும், சர்க்கரைக்காரங்களுக்கு ஆகாது." படிக்கிற படிப்பு இதற்காவது உதவட்டும். யார் மனசும் நோகாது, வேலையும் முடியும்.

இசக்கி பைக்கில் வந்து கூட்டிப்போனான். ஒற்றை அறை வீடு, ஓடு போட்டது. அவன் அம்மா பேச்சியம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வலது காலில் கட்டு. வாடை வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் பெட்டி வாசிக்கிற பிள்ளையா? உக்காரு. ஏல, கலர் வாங்கிட்டு வா."

"வேண்டாம்மா" என்றேன். ஒரு வருஷமாக இந்த வார்த்தையால் யாரையும் கூப்பிடவில்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, உடனே பூஞ்சைக் கதையை ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். பிறகு இசக்கியிடம் கையைக் காட்டினாள். அவன் சாமி மாடத்திலிருந்து ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். தட்டின் மேல் கவிழ்த்த டம்ளர். டம்ளர் மேல் இன்றைக்கு வைத்த பிச்சிப்பூ. டம்ளரை எடுத்தாள். வெற்றிலை மேல் அப்பம் அப்படியே, வெள்ளையாக, ஓரத்தில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டோடு இருந்தது.

"எங்க பூசணம்?"

எங்கள் பிள்ளைகள் பபிள்கம்மை வாயின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். வாங்கிப் போகத்தான் வந்தேன் என்று சொன்னேன்.

"குடுத்தத ஆள் விட்டுத் திருப்பி வாங்குதா ஒங்க சாமி?"

"சாமி வாங்கலம்மா. எங்க மொறை அப்படி. அது தின்பண்டமோ பிரசாதமோ இல்ல. அது அவரேதான்னு எங்களுக்கு. வாங்குறவங்க ஞானஸ்நானம் வாங்கி, அதை நம்பி, ஆமென்னு சொல்லி வாங்கணும். ஆமென்னா, ஆமா அப்படித்தான்னு அர்த்தம்."

"நம்புததுதான? நான் நம்புதேன். இல்லன்னா இத்தன நாள் எறும்பு வராம காவல் இருப்பனா?" முறத்தில் அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடித்து அடுத்ததை எடுத்தன. "நீ வாங்குததே இல்லையாமே. எம்மவன் சொன்னான். நீ நம்புதியா?"

இசக்கி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெரியலம்மா" என்றேன். இதை ஃபாதரிடம் சொன்னதில்லை, அப்பாவிடம் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதியதில்லை. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "எங்கம்மா நம்புனாங்க. தெனமும் வாங்குனாங்க. வயித்துல கட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே சாமியார் கொண்டு வந்து குடுப்பாரு. போன வருஷம் இதே மாசம் செத்துட்டாங்க. அன்னைலருந்து என்னால அதுக்கு ஆமான்னு சொல்ல முடியல. சொல்லாம வாங்குனா பொய். அதான் பெட்டி வாசிக்கேன்."

பீடி சுற்றுவது நின்றது.

"கடைசி வரைக்கும் வாங்குனாளா?"

"கடைசி அன்னைக்கும். முழுங்க முடியல. ஒரு துளி கிள்ளி, ஸ்பூன் தண்ணியில குடுத்தாரு."

"பொழைக்க மாட்டோம்னு தெரியுமா அவளுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்குனா?"

"ஆமா."

அந்தத் தட்டைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்த மாதிரி முகம் எனக்குத் தெரியும், டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த அப்பாவுக்கு அது இருந்தது. இவளுக்கு அதைக் கொடுத்தவள் நான். ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப இது நோவு தீருததுக்கு உள்ளது இல்ல" என்றாள். "எனக்குக் காலுக்குத்தான் வேணும். காலுக்கு இல்லன்னா எனக்கு என்னத்துக்கு? எடுத்துட்டுப் போ. ஒங்கம்மா என்னத்துக்கு வாங்குனான்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

பெட்ரி தட்டைத் திறந்தேன். அவளே வெற்றிலையைச் சாய்த்து, விரல் படாமல் அப்பத்தை அதில் நழுவவிட்டாள். எழுந்துகொண்டு, "வெள்ளிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வாரேம்மா" என்றேன்.

"வந்து என்ன செய்வ?"

"சும்மா இருப்பேன்."

"வா, வா. சும்மா இருக்கவும் ஆளு வேணும்லா" என்று சொல்லிவிட்டு முறத்தை இழுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சரியான நெரிசல். தட்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டேன். "பேக்ல போடும்மா" என்றார் கண்டக்டர். உடைந்துவிடும் என்றேன். பக்கத்தில் ஒரு ஆள் கோழிக்கூடையை என் மடியோரம் சாய்த்தார், தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் முறைத்தார், நானும் முறைத்தேன். சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. பரீட்சை இருக்கிறது, குறைக்கச் சொல்லுங்கள் என்று டிரைவருக்குச் சொல்லி அனுப்பினேன். பரீட்சை எதுவும் இல்லை. அப்பா போன் இரண்டு முறை வந்தது, எடுக்கவில்லை. கை ஒழிவாக இல்லை, அவ்வளவுதான் காரணம்.

கோயிலில் பேழைக்கு முன்னால் வைத்துவிட்டு விளக்கேற்றினேன். தண்ணீர்க் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டேன். நாளைக்குப் போட்டுவிடலாம்.

மார்ச் 12, புதன்

இன்றும் கோழிக்குழம்பு. சாப்பிடவில்லை. தண்ணீரில் போடவில்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, லேப் முடிந்து ஒருமுறை கோயிலுக்குப் போனேன். திரி சரியாக எரிகிறதா என்று பார்க்கத்தான். கிண்ணத்துத் தண்ணீரை மாற்றினேன். குங்குமப் பொட்டு ஒரு கடுகளவுகூட இருக்காது. இதை அழுக்கு என்று சொல்லலாம். சொல்லக்கூடாது என்றும் சொல்லலாம். ஃபாதர் சனிக்கிழமை வந்துவிடுவார், அவர் கையில் ஒப்படைத்துவிட்டால் என் வேலை தீர்ந்தது.

பேச்சியம்மாளை ஒரு நாள் முன்கூட்டியே வார்டில் சேர்த்து மருந்து கொடுக்கிறார்கள் என்று இசக்கி செய்தி அனுப்பினான். "நீ வருவியான்னு கேக்கா" என்று கூடவே இன்னொன்று.

மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ஆப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பேச்சியம்மாள் மூக்குத்தியைக் கழற்றி மகனிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தாள். இசக்கியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான், எந்தப் பாட்டுக்கும் சேராத தாளம். "நான் செஞ்சது தப்பால?" என்று பையன்களிடம் கேட்பதுபோலக் கேட்டான். "எனக்குச் சொல்லித்தராம விட்டது என் தப்பு" என்றேன். அவன் டீ வாங்கி வந்தான், தவக்கால வெள்ளிக்கிழமை, ஒருசந்தி என்பதால் எனக்கு பன் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன்.

பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் பிழைத்துவிடும் என்கிறார் டாக்டர், ஆனால் உறுதி சொல்லவில்லை. வார்டுக்குக் கொண்டுவந்து வெகுநேரம் கழித்துக் கண் திறந்தாள். முதலில் மகனைப் பார்த்தாள். பிறகு போர்வையின் கால்மாட்டைப் பார்த்தாள், அதைத் தூக்கச் சொல்லவில்லை. மூக்குத்தியை நானே போட்டுவிட்டேன்.

"தின்னுட்டியா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. காலைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று நினைத்து, ஒருசந்தியைச் சொல்லாமல், "ஆச்சும்மா" என்றேன்.

"அதில்ல. என்கிட்ட வாங்கிட்டுப் போனியே, அது."

"இல்லம்மா. கோயில்ல இருக்கு."

அவள் கண் பெரிதானது. வேதனையில் முனகிக்கொண்டிருந்த குரல் கணீரென்று ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னுமா வச்சிருக்க? நான் காலுக்குன்னு கும்புட்டு வச்சிருந்தத, ஒனக்கு உள்ளதுன்னுல்லா குடுத்தேன்? நீ தின்பன்னுல்லா குடுத்தேன்? எனக்கும் இல்லாம, ஒனக்கும் இல்லாம, யாருக்காவ வச்சிருக்க?"

"இரும்மா, இரும்மா, பேசக் கூடாதாம்" என்று இசக்கி பதறினான்.

"நீ பேசாத. ஏ பிள்ள, எனக்கு வெரல் போச்சு. வெட்டுவாங்கன்னு தெரிஞ்சுதான் படுத்தேன். ஒனக்கு அது என்னன்னு தெரியாதுன்ன. சரி. தெரிஞ்ச பெறவுதான் திம்பேன்னா, ஒங்கம்மா இருந்தா என்ன சொல்லுவா?"

நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். நான் அழுதேன். வார்டு வாசலில், ஆட்கள் போகவர, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதேன். அம்மா செத்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை. அன்றைக்கு அடக்கப் பூசையில் கீபோர்டு வாசிக்க ஆளில்லை என்று என்னைத்தான் உட்கார வைத்தார்கள்.

இசக்கி ராத்திரிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாகிவிட்டது. நாளைக்குக் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கோயிலுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. சிலுவைப்பாதைக்குப் பிள்ளைகள் வர நேரம் இருந்தது. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன்.

பெட்ரி தட்டின் மூடியைத் திறந்தேன். குங்குமம் பட்டது, ஆகவே தண்ணீர்தான் முறை என்று யாரிடமும் சொல்லலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. நாளைக்கு ஃபாதர் வருவார், அவரிடம் கொடுக்கலாம், அதுவும் முறைதான். இரண்டு காரணங்களும் நல்ல காரணங்கள். ஒரு வருஷமாக எனக்கு நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

நம்புகிறேனா என்று இப்போதும் கையில் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெரிசலான பஸ்ஸில் வெறும் மாவுத் துண்டுக்காக ஒரு கோழிக்காரனோடு நான் சண்டை போட்டிருக்க மாட்டேன். அம்மா என்னத்துக்கு வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே நின்று யோசித்து ஒரு வருஷம் ஆகியும் தெரியவில்லை. இனி உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தை எடுத்துப் போய் வாசல் செடியில் தண்ணீரைக் கொட்டினேன். திரும்ப வந்து முழங்காலிட்டேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று என்னிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இருந்தாலும் பதில் சொன்னேன்.